பரோலோ: துவர்ப்பு கனியும் காலம்

கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் பரோலோ ஏமாற்றும். இத்தாலியின் முரட்டுச் சிவப்பு ஒயின்களில் இது தலையாயது என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு, அந்த வெளிறிய நிறம் யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்ற ஐயத்தைத் தரும். விளிம்பில் செங்கல் நிறம்கூடத் தட்டுப்படும். ஒரு வாய் குடித்ததும் ஐயம் போய்விடும். ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகி, கொட்டைப்பாக்கை மட்டும் தனியாக மென்றதுபோல் நாக்கு வறண்டு நிற்கும்.

காரணம், நெபியோலோ என்ற திராட்சை. இத்தாலியின் வடமேற்கில், பீட்மாண்ட் பகுதியின் லாங்கே குன்றுகளில் உள்ள 11 ஊர்களில் விளைந்த நெபியோலோவை மட்டுமே கொண்டு செய்தால்தான் பரோலோ என்று பெயரிடலாம். இந்தக் கொடி சீக்கிரம் துளிர்த்து, மிகத் தாமதமாகப் பழுக்கும். அறுவடை பெரும்பாலும் அக்டோபரில். அப்போது பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். பழத்தோலில் நிறமிகள் குறைவு, இருப்பவையும் எளிதில் சிதையும் வகை. டானின் என்ற துவர்ப்புப் பொருளும் புளிப்பும் மட்டும் தாராளம்.

துவர்ப்பை நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணுகிறோம். உடலியல் அறிஞர்கள் பலர் அதைத் தொடு உணர்வோடு சேர்க்கிறார்கள். எச்சிலில் உள்ள புரதங்கள்தான் வாய்க்கு வழுவழுப்பைத் தருகின்றன. டானின் அவற்றைப் பற்றித் திரளச் செய்துவிடுவதால் வழுவழுப்பு போய், வாய்க்குள் உராய்வு கூடுகிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி, பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு பரோலோவைப் பரிமாறுவதற்குக் காரணம் இதுதான். டானின் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ள, வாய் தப்பிக்கிறது.

பாட்டிலுக்குள் ஆண்டுக்கணக்கில் நடப்பதும் டானினின் கதையே. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைகின்றன. சில பெருத்து அடியில் மண்டியாகப் படிகின்றன, சில அமிலத்தில் உடைகின்றன. கார்க்கின் வழியே கசியும் மிகச் சிறிதளவு ஆக்சிஜனும் இதில் கைகொடுக்கிறது. சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறும், துவர்ப்பின் கூர்மை மழுங்கும். புதுப்பழ மணம் விலகி, காய்ந்த ரோஜா, தார், தோல், புகையிலை, ஈர மண் என வேறொரு வரிசை வந்து சேரும். புளிப்பு மட்டும் அதிகம் மாறாது. அதுதான் இத்தனை காலமும் ஒயினைக் கெடாமல் தாங்கி நிற்கிறது.

சட்டமும் பொறுமையை வலியுறுத்துகிறது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் கழித்தே பரோலோ விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். லேபிளில் ரிசர்வா என்ற அடைமொழியைச் சேர்க்க 62 மாதம்.

எந்தப் பீப்பாய் என்பதில் ஒரு குடும்பச் சண்டையே நடந்திருக்கிறது. பழைய முறையில் பல வாரங்கள் தோலோடு ஊறவைத்து, பிரம்மாண்டமான பழைய ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் விடுவார்கள். இளம் வயதில் குடிக்க முடியாத கடுமை. 1980களில் எலியோ அல்தாரே போன்ற இளம் ஒயின் தயாரிப்பாளர்கள் ஊறவைக்கும் காலத்தைச் சுருக்கி, பிரான்சின் பாணியில் 225 லிட்டர் புதுப் பீப்பாய்களுக்கு மாறினார்கள். அல்தாரே தன் தந்தையின் பழைய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தார். தந்தை அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்தார். எதிரணியில் நின்ற பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதினார். இன்று இரு தரப்பும் நடுவில் எங்கோ வந்து நிற்கின்றன. என் மனம் பழைய முறையின் பக்கம்தான்: புதுப் பீப்பாயின் வனிலா வாசம் ரோஜாவை மறைத்துவிடுகிறது.

இதையெல்லாம் சொல்லில் வடிப்பது எப்படி? ஒயின் குறிப்புகளில் செர்ரி, அதிமதுரம், ஊதாப்பூ என்று பட்டியல் நீளும். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிப்பது நல்லது. 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதன் மணத்தை விவரிக்கச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எடுத்தார்கள். மூக்கு கண்ணின் பேச்சைக் கேட்கிறது. மேலும், செர்ரியைக் கடித்தறியாதவருக்குச் செர்ரி மணம் என்பது வெறும் எழுத்து.

முதுமைக்கு வைக்கும் ஒயினில் பழப்பட்டியலைவிட முக்கியமானவை மூன்று: புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு மணல்போல் கரகரக்கிறதா மென்மையாகப் படர்கிறதா, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது. இளம் பரோலோ முரடாக இருப்பது குறையல்ல. துவர்ப்புக்கு ஈடாகப் பழச்சுவையும் மணமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறும் துவர்ப்பு மட்டும் இருந்தால் எத்தனை ஆண்டு வைத்தாலும் பழம்தான் வற்றும். ஊரும் கணக்கில் வரும்: மேற்கே லா மோராவின் ஒயின்கள் பொதுவாகச் சீக்கிரம் இளகும், கிழக்கே செர்ராலுங்காவின் மண் தருபவை நெடுங்காலம் விறைப்பாக இருக்கும்.

நல்ல பரோலோ 10 முதல் 20 ஆண்டுகளில் நிறைவான நிலைக்கு வரும், சிறந்தவை அதையும் தாண்டும். ஆனால் உலகில் விற்கும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை, வைத்திருந்தால் கெடும். பரோலோவும் 12 முதல் 14 டிகிரி குளிர்ச்சியில், இருட்டில், கார்க் காயாதபடி படுக்கவைத்தால்தான் தேறும். வயதைக் காட்டி யாராவது விலையை ஏற்றினால், இத்தனை நாள் பாட்டில் எங்கே இருந்தது என்று முதலில் கேளுங்கள்.