வாங்காதவர்கள் வைத்த நிபந்தனை

முதல் உலகப் போரில் பிரான்ஸ் ராணுவம் கைத்துப்பாக்கிக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உள்நாட்டில் செய்தது போதாமல், ஸ்பெயினின் சின்னச் சின்னப் பட்டறைகளில் 'ரூபி' என்ற பிஸ்டலை லட்சக்கணக்கில் வாங்கினார்கள். பெயர் ஒன்றுதான், பட்டறைகள் பல. ஒரு பட்டறையின் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, இன்னொரு பட்டறையின் பிஸ்டலில் சரியாக உட்காராது. சண்டை நடக்கும் இடத்தில் இதைவிடப் பெரிய தலைவலி வேண்டுமா?

போர் முடிந்ததும் இந்தமுறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து நிபந்தனைகளை எழுதினார்கள். குறைந்தது 10 தோட்டா பிடிக்க வேண்டும். 50 மீட்டரில் ஆளை வீழ்த்தும் வலு வேண்டும். எடை ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. எளிதாகப் பிரித்துப் பூட்ட வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: மேகசினை உருவிவிட்டால், உள்ளே ஒரு தோட்டா மிச்சமிருந்தாலும் துப்பாக்கி சுடக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் கடைசியில் அந்தத் துப்பாக்கியை வாங்கவே இல்லை. அவர்கள் கேட்ட பூட்டு மட்டும் தொண்ணூறு ஆண்டுகளாக அதை விட்டுப் போகவில்லை.

பெல்ஜியத்தின் லியேழ் நகரை ஒட்டியது ஹெர்ஸ்டால். அங்கே எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையில், பிரான்ஸின் நிபந்தனைகளுக்கு ஏற்ப, தியுதொன்னே சேவ் என்ற வடிவமைப்பாளர் மேகசினைக் கையில் எடுத்தார். அப்போதைய பிஸ்டல்களில் பெரும்பாலும் தோட்டாக்கள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்கும். அமெரிக்காவின் 1911 பிஸ்டலில் அப்படி நிற்பவை 7. கூடுதலாக வேண்டுமென்றால் கைப்பிடி முழங்கால் வரை நீளும். சேவ் பெட்டியைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தோட்டாக்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி, ஒன்றன் இடுக்கில் மற்றொன்று பதியும்படி அடுக்கினார். உச்சிக்கு வரும்போது இருபக்கத் தகடும் உள்நோக்கிக் குவிந்து வாய் ஒற்றையாகிவிடும். டவுன் பஸ்ஸில் இரண்டு வரிசையாக நிற்பவர்கள் படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்குவதைப் போல, இரண்டு வரிசைத் தோட்டா மேலே வந்ததும் ஒற்றையாகக் குழலுக்குள் நுழையும்.

இந்த யோசனை புத்தம் புதிது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் சாவேஜ் பிஸ்டலில் 1907-லேயே இது உண்டு. ஆனால் அது சின்னத் தோட்டாவுக்கானது. ராணுவத்துக்குரிய 9 மி.மீ. தோட்டாவை இப்படி அடுக்கி, அதைச் சுற்றிய கைப்பிடி சராசரி மனிதனின் உள்ளங்கைக்கு அடங்கும்படி செய்ததில்தான் சேவின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இன்று உலகத்துப் போலீஸ்காரர்களின் இடுப்பில் இருக்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை 'டபுள் ஸ்டாக்' என்கிற இந்த இரட்டை வரிசை வகைதான்.

மேகசினுக்கேற்ற பிஸ்டலை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். 1923 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1926 நவம்பர் 26 அன்று, அதே எஃப்.என். தொழிற்சாலையில், மகன் வாலின் வடிவமைப்புக் கூடத்தில் வேலையில் இருந்தபோது இதயம் நின்று இறந்தார். வயது 71. காப்புரிமை வழங்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

மிச்ச வேலை சேவின் தலையில் விழுந்தது. பிரௌனிங் தன் பழைய 1911 பிஸ்டலின் காப்புரிமையை கோல்ட் கம்பெனிக்கு விற்றிருந்தார். தான் கண்டுபிடித்ததையே தன்னால் தொட முடியாமல் சுற்றுவழியில் வடிவமைக்க வேண்டியிருந்தது அவருக்கு. 1928-ல் அந்த உரிமைகள் காலாவதியானதும், நல்ல அம்சங்களைச் சேவ் துணிந்து சேர்த்துக்கொண்டார். 13 தோட்டாவோடு பிஸ்டல் முழு வடிவம் பெற்றது. 1935-ல் பெல்ஜிய ராணுவம் அதை ஏற்றது. ஹை-பவர் என்று உலகம் அழைப்பது இதைத்தான். பிரான்ஸோ உள்நாட்டு வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டது.

1940-ல் ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தைப் பிடித்ததும் தொழிற்சாலை அவர்கள் கைக்குப் போனது. போர் முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஹை-பவர்களை ஜெர்மன் படைக்காகச் செய்யவைத்தார்கள். சேவ் தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கனடாவின் டொரண்டோவில் இங்லிஸ் என்ற கம்பெனி, முதலில் சீன ராணுவத்துக்காகவும் பிறகு நேச நாட்டுப் படைகளுக்காகவும் அதே பிஸ்டலைச் செய்தது. ஆக, எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒரே பிஸ்டலை நீட்டிக்கொண்டு நின்றன.

இந்த இங்லிஸ் வடிவம்தான் நம் நாட்டுக்கும் வந்தது. கொல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரியில் தயாரான 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' அதன் வாரிசு. இன்னொரு செய்தி. போருக்குப்பின் சேவ் வடிவமைத்தது எஃப்.ஏ.எல். ரைஃபிள். அதை ஒட்டிப் பிறந்ததுதான் நம் ஊர் ஆயுதப்படைக் காவலர்கள் தோளில் மாட்டி நின்ற எஸ்.எல்.ஆர். இந்திய அதிகாரியின் இடுப்புக்கும் சிப்பாயின் தோளுக்கும் ஆயுதம் வடித்த ஒரே மனிதரின் பெயர் இங்கே பலருக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி அந்தப் பூட்டுக்கு வருவோம். 1911 பிஸ்டலில் ட்ரிகரின் பின்பகுதி வளையமாக மேகசினைச் சுற்றிப்போய் சியரைத் தள்ளும். சியர் என்பது, அடித்துச் சுடவைக்கும் ஹேமரைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கொக்கி. மேகசின் அகலமானபின் அந்த வளையத்துக்கு இடம் குறைந்தது. ஆகவே ஹை-பவரில் ட்ரிகரின் விசை மேலே ஏறி, துப்பாக்கியின் மேலே முன்பின் ஓடும் ஸ்லைடுக்குள் கிடக்கும் நெம்புகோலின் முன்னங்கையைத் தூக்கும். அதன் பின்னங்கை கீழிறங்கி சியரை அழுத்தும். வழி நீளம், மூட்டும் அதிகம். இந்த நீண்ட வழியில்தான் பூட்டும் உட்கார்ந்திருக்கிறது. ட்ரிகரோடு பிணைந்த சிறு முளை ஒன்று மேகசினின் முன்முகத்தில் சாய்ந்திருக்கும். மேகசின் இல்லாவிட்டால் முளை பின்னால் நகர்ந்து, நெம்புகோலுக்குத் தொடுப்பு விட்டுப்போகும். மேகசின் உள்ளே இருக்கும்போதோ, சுடுகிற ஒவ்வொரு முறையும் முளை தகட்டில் உரசும். விரலில் படுவது அந்த உரசல்தான். இழுவை கனமாக, மணல் கலந்ததுபோல நெருடும். பொத்தானை அமுக்கினால் காலி மேகசின் தானாகக் கீழே விழாததற்கும் இந்த முளைதான் காரணம்.

வேறு குறைகளும் உண்டு. வளைய வடிவ ஹேமர் பின்னால் வரும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையைக் கடிக்கும். பழைய சேஃப்டி நெம்பு நகம் அளவுதான், பதற்றத்தில் கட்டைவிரலுக்குத் தட்டுப்படாது. குறிபார்க்கும் சைட்டோ மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத பொடிசு. இத்தனையும் இருந்தும் கையில் எடுத்தவர்கள் விடவில்லை. பிரிட்டன் 1954-ல் ஏற்று, 2013-ல்தான் அதற்கு மாற்றைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பிணைக்கைதி மீட்புப் படை, துப்பாக்கி மெக்கானிக் வேய்ன் நோவாக் சீர்செய்த ஹை-பவர்களை வைத்திருந்தது. அவர் பெயரில் இன்றும் விற்கும் அகன்ற, உடையில் சிக்காத சைட்டுகளை அந்தத் துறையில் தெரியாதவர்கள் இல்லை.

2018-ல் எஃப்.என். ஹை-பவர் தயாரிப்பை நிறுத்தியது. பழைய பிஸ்டல்களின் விலை மளமளவென்று ஏறிற்று. அந்த வெற்றிடத்தில்தான் மலிவு நகல்கள் நுழைந்தன. துருக்கியின் கருங்கடல் கரையில், ஹேசல்நட்டுக்குப் பேர்போன கிரெசூனிலிருந்து கிர்சான் கம்பெனியின் எம்.சி. பி35 வந்தது. அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டு 2021 அக்டோபரில் எஸ்.ஏ.-35 என்பதை 699 டாலருக்கு அறிவித்தது. மறு ஆண்டு எஃப்.என். தானே ஹை-பவர் என்ற பெயரில் முற்றிலும் புதிய பிஸ்டலை இறக்கியபோது, அதன் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. எஸ்.ஏ.-35-ல் கவனிக்க வேண்டியது மேகசினில் 15 தோட்டா என்பதல்ல. ஹேமர் கடிக்காதபடி மாற்றியிருந்தார்கள், சேஃப்டி நெம்பை நீட்டியிருந்தார்கள், பிரான்ஸ் கேட்ட பூட்டைக் கழற்றி எறிந்தே விட்டிருந்தார்கள். மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் அரத்தோடு உட்கார்ந்து செய்த வேலையைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிட்டது.

மலிவாக வந்த பிஸ்டலை எப்படிச் சோதிப்பது? குழல் வெடிக்குமா என்கிற சோதனை உரிமையாளருடையதல்ல. லியேழில் 1672 முதல் அதற்கென்றே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. அதைப் போன்ற ஐரோப்பியக் கூடங்களில், பிஸ்டலுக்கான அதிகபட்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம் கூடுதலாக உள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள். உரிமையாளர் பார்க்க வேண்டியது வேறு: இது நம்பகமாக வேலை செய்கிறதா என்று.

அனுபவசாலிகள் செய்வதைச் சொல்கிறேன். பிஸ்டலைத் துடைத்து எண்ணெயிட்டு, வந்தது வந்தபடி வைத்துக்கொண்டு சில நூறு தோட்டா சுடுவார்கள். அதற்குமுன் ஒவ்வொரு மேகசினின் அடியிலும் மார்க்கரால் 1, 2, 3 என்று எண் போடுவார்கள். சிக்கல் வந்தால், எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, உள்ளே போகும்போதா, காலி உறை வெளியேறும்போதா என்று அங்கேயே நோட்டில் குறிப்பார்கள். சிக்கல் எல்லாம் 2-ஆம் எண்ணிலேயே வந்தால் பிஸ்டல்மேல் பழியில்லை, அந்த மேகசினின் வாய் கோணியிருக்கிறது. இரட்டை வரிசையில் இது முக்கியம். குவியும் அந்த வாய் மயிரிழை விரிந்தாலும் தோட்டா மூக்கைத் தூக்கி நிற்கும். பிறகு தோட்டா வகையை மாற்றிப் பார்ப்பார்கள். பழைய ஹை-பவர்களின் குழல்வாய்ச் சரிவு உருண்டை முனைத் தோட்டாவுக்காக வெட்டப்பட்டது. குழிமுனைத் தோட்டா போட்டால் அதில் முட்டிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் மணல் மூட்டையில் கையைச் சாய்த்து, 25 மீட்டரில் ஐந்தைந்தாகக் காகிதத்தில் துளை போட்டுப் பார்ப்பது.

இந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் அரத்தை எடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. எது குறை என்று தெரியாமல் எதைச் சீர்செய்வது? காசு செலவழிப்பதென்றால் முதலில் சைட்டுக்கும் சேஃப்டி நெம்புக்கும் செலவழிக்கலாம். கண்ணுக்கும் கட்டைவிரலுக்கும் உடனே பலன் தெரியும், ஆபத்தும் இல்லை. ஹேமர் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் ட்ரிகர் இளகும். ஆனால் அடி பலமில்லாமல் தோட்டா வெடிக்காமல் போகலாம். சியரின் விளிம்பைத் தெரியாதவன் தேய்த்தால், ஹேமர் பிடிமானமில்லாமல் தானாக விழும். அது இன்னும் மோசம். சியரில் தேர்ந்த மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் கை வைக்கவே கூடாது.

பூட்டைக் கழற்றலாமா? இலக்குப் போட்டிக்கு மட்டும் உள்ள பிஸ்டலில், குழலில் தோட்டா இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுத்துக் கண்ணால் பார்க்கும் பழக்கம் ஊறியவர் கழற்றட்டும். துப்பாக்கி பல கைகள் மாறும் ஆயுதக் கிடங்கில் அது இருப்பதே நல்லது. மேகசினை உருவிவிட்டோம், காலியாகிவிட்டது என்று நினைத்து ட்ரிகரைத் தொட்ட கைகளால் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. பிரான்ஸ் அதிகாரிகள் அஞ்சியது வீண் அச்சமல்ல. கலிஃபோர்னியா மாநிலம், விற்பனைக்குப் புதிதாக அனுமதி கேட்கும் பிஸ்டல்களுக்கு இதே பூட்டை 2007 முதல் கட்டாயமாக்கியதும் இந்தக் காரணத்தால்தான்.

நம் நாட்டில் தனிநபருக்கு 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகை. உரிமம் பெற்றவர் வைத்துக்கொள்ளக்கூடிய .32 பிஸ்டலிலும் பட்டறை வேலையை இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. துப்பாக்கியை மாற்றியமைக்க, பழுதுபார்க்க, சோதித்துப் பார்க்கக்கூடத் தனி உரிமம் வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு.

அமெரிக்காவில் இந்த வேலை வெளிப்படையாக நடக்கிறது. அங்கேயும் நல்ல மெக்கானிக் ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்றுவார். சைட்டை மாற்றினால் சுட்டுப் பார்த்துக் குறிப்பார். ஸ்பிரிங்கை மாற்றினால் அதே எண் போட்ட மேகசின்கள், அதே வகைத் தோட்டா, அதே நோட்டு என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

இப்படிப்பட்ட சோதனைகளை ஒரு ராணுவமே நடத்த, அதுவரை துப்பாக்கியே செய்திராத ஒருவர் அதில் நுழைந்து ஜெயித்தது 1982-ல், ஆஸ்திரியாவில். காஸ்டன் குளோக்கின் அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)