காய்ச்சல் மலை ஏறுமா?

வத்தலக்குண்டில் பேருந்து ஏறும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். மலைப்பாதையின் வளைவுகளில் வண்டி ஏற ஏற, சன்னல் வழியே வரும் காற்று குளிர்கிறது. பெருமாள்மலை வந்ததும் பையிலிருந்து கம்பளிச் சட்டையை எடுக்கிறோம். கொடைக்கானலில் இறங்கும்போது பற்கள் கிடுகிடுக்கின்றன.

1845-ஆம் ஆண்டில் மதுரைப் பகுதியில் பணியாற்றி வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் வெயிலுக்கும் நோய்களுக்கும் தப்பி அவர்கள் மலைக்கு வந்தார்கள். காய்ச்சல் கெட்ட காற்றினால் வருகிறது என்று நம்பிய காலம் அது. 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள்.

உண்மையில் மலைக்காற்று நோயைத் தடுக்கிறதா? மாணவர்களே, 'காலா-அசார்' என்னும் ஒரு காய்ச்சலை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்ந்து பார்ப்போம்.

சென்னையில் பிடிபட்ட கிருமி

'காலா' என்றால் கருப்பு. 'அசார்' என்றால் நோய். வாரக்கணக்கில் காய்ச்சல் விட்டு விட்டு வரும். உடல் மெலியும், இரத்தம் குறையும், மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும். சிகிச்சை செய்யாவிட்டால் பெரும்பாலும் மரணந்தான். இந்நோய் வங்காளம், பீகார், அசாம் பகுதிகளில் பல ஊர்களை அழித்திருக்கிறது. சென்னை நகரிலும் அது ஒரு காலத்தில் இருந்தது.

1903-ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். நுண்ணிய முட்டை வடிவ உருவங்கள் தெரிந்தன. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் என்பவரும், இந்தியாவில் பணியாற்றித் திரும்பி இறந்துபோன ஒரு படைவீரரின் மண்ணீரலில் கண்ட இதே உருவங்களைப் பற்றி எழுதினார். மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், இருவரையும் சிறப்பிக்கும் வகையில் இந்தக் கிருமிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டினார்.

ஈயும் உலர்ந்த திராட்சையும்

கிருமி கிடைத்துவிட்டது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படிப் போகிறது? விடை தெரிய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

காலா-அசார் இருக்கும் பகுதிகளில் எல்லாம் 'மணல் ஈ' என்ற சிறு பூச்சியும் இருப்பதை 1920-களில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதன் நீளம் 2 அல்லது 3 மில்லிமீட்டர். கொசுவைவிடச் சிறியது, கொசுவலையின் கண்ணிலும் நுழைந்துவிடும். உட்காரும்போது இறக்கைகளை மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். நெடுந்தூரம் பறக்காது, தத்தித் தத்திச் செல்லும். இரவில் பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். கொசுவைப் போல் இது தண்ணீரில் முட்டையிடுவதில்லை. மாட்டுத் தொழுவம், மண்சுவரின் வெடிப்பு, சாணமும் இலைக்குப்பையும் மக்கிய ஈரமண் ஆகியவையே இதன் பிறப்பிடங்கள்.

நோயாளியைக் கடித்த ஈயின் குடலில் கிருமி பெருகுவதைக் கல்கத்தாவில் 1924-இல் கண்டார்கள். ஆயினும் அந்த ஈக்கள் கடித்து நோய் வந்ததாக நிரூபிக்க முடியவில்லை. இரண்டாம் முறை இரத்தம் குடித்ததும் பெரும்பாலான ஈக்கள் மடிந்தன. பிறகு, முதல் இரத்தத்துக்குப் பின் ஈக்களுக்கு உலர்ந்த திராட்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இயற்கையிலும் மணல் ஈ செடிகளின் இனிப்புச் சாற்றைக் குடிப்பதுதானே! திராட்சை தின்ற ஈக்கள் பிழைத்தன. அவற்றின் குடலில் கிருமிகள் ஏராளமாகப் பெருகித் தொண்டைப் பகுதியையே அடைத்துக்கொண்டன. அப்படிப்பட்ட ஈ கடிக்கும்போது இரத்தம் எளிதில் உள்ளே போவதில்லை. கிருமிகள் வெளியே கக்கப்படுகின்றன. 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் இம்முறையைக் கையாண்டு, தாமாக முன்வந்த மனிதர்களில் ஈக்கடியால் நோய் பரவுவதை நிரூபித்தார்கள்.

ஆக, இது ஒரு சங்கிலி. நோயாளி ஒரு கண்ணி. ஈ ஒரு கண்ணி. ஈ வளரும் மண் ஒரு கண்ணி. காற்றுக்கு இதில் என்ன பங்கு?

ஒரு சிறு கணக்கு

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். இடையில் 1,800 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 11.7 டிகிரி. கீழே 30 டிகிரி இருக்கும்போது மேலே 18 டிகிரிதான் இருக்கும்.

நமது உடல் எங்கே போனாலும் 37 டிகிரியில் இருக்கிறது. பூச்சியின் உடலோ சுற்றுப்புறத்தின் வெப்பநிலையையே பெறுகிறது. குளிரில் அதன் வளர்ச்சி தாமதப்படும். அதன் குடலில் உள்ள கிருமியின் வளர்ச்சியும் தாமதப்படும். கிருமி முற்றுவதற்குள் ஈ இறந்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கொடைக்கானலின் குளிர் காப்பது இந்த வகையில்தான்.

காலா-அசார் 600 மீட்டருக்கு மேல் வருவதில்லை என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எழுதி வந்தன. நமது கணக்கை அதற்குப் பொருத்திப் பார்ப்போம். வத்தலக்குண்டிலிருந்து 600 மீட்டர் உயரத்தை எட்ட 300 மீட்டர் ஏறினால் போதும். அதற்குக் குறையும் வெப்பம் வெறும் 2 டிகிரி! மார்கழிக்கும் சித்திரைக்கும் உள்ள வேறுபாடு அதைவிட அதிகம். இந்த 2 டிகிரியா ஒரு நோயைத் தடுத்து நிறுத்தும்?

அப்படியானால் 600 மீட்டர் என்பது காற்றில் எழுப்பிய சுவர் அன்று. கங்கைச் சமவெளியில் வண்டல் மண்ணும் நெருங்கிய ஊர்களும் தொழுவங்களும் நிறைந்திருந்தன. அங்கே நோயும் இருந்தது. மலை தொடங்கும் இடத்தில் மண், வீடு, வாழ்க்கை எல்லாமே மாறுகின்றன. உயரம் அந்த மாற்றங்களுக்கு ஓர் அடையாளமே தவிர, அதுவே காரணம் அன்று.

விதியை மீறிய இடங்கள்

இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களிலும் லீஷ்மேனியா நோய் காணப்பட்டிருக்கிறது. அங்கே அதைப் பரப்புவது வேறோர் இன மணல் ஈ என்று கருதுகிறார்கள். கேரளத்தில் அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிப் பழங்குடியினரிடையே, இக்கிருமியால் தோலில் புண்கள் உண்டாவது கடந்த இருபது ஆண்டுகளுக்குள் தெரிய வந்தது. இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992-இல் தென்பகுதியான அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். அதன்பின் அங்கே பல மாவட்டங்களில் நோய் பரவியது. அங்கும் லீஷ்மேனியா டோனவானிதான். ஆனால் பெரும்பாலும் மண்ணீரலைத் தாக்காமல் தோலைத் தாக்கும் வகை.

பழனி மலை காலா-அசாருக்குப் பெயர்போன இடம் அன்று. ஆனால் அந்த மலை என்பது கொடைக்கானல் ஏரி மட்டும் அன்று. அடிவாரத்துத் தென்னந்தோப்புகளும், நடுமலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களும் அதில் அடங்கும். ஏரிக்கரையின் குளிர் அடிவாரத்துக்குக் காவல் நிற்காது. நோயாளி ஒருவர் சில மணி நேரத்தில் எந்த மலைக்கும் வந்துவிடலாம். அதனால் மட்டும் நோய் பரவிவிடாது. ஈயும் அதற்கேற்ற மண்ணும் வேண்டும். எனவே அறுக்க வேண்டிய கண்ணிகள் நம் கையில் உள்ளவைதாம்: தொழுவத்துக் குப்பையை அகற்றுவது, சுவர் வெடிப்பைப் பூசுவது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலை மருத்துவரிடம் காட்டுவது. காலா-அசாரைக் குணப்படுத்த இன்று நல்ல மருந்துகள் உண்டு.

அடுத்த முறை கொடைக்கானல் செல்லும்போது ஒரு வெப்பமானியை எடுத்துச் செல்லுங்கள். வண்டி நிற்கும் ஊர்களில் நிழலில் வைத்து அளவெடுங்கள். ஊரின் உயரத்தையும் வெப்பநிலையையும் வரைபடத்தாளில் குறியுங்கள். 6.5 டிகிரி என்ற கணக்கு எவ்வளவு சரி என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். அதோடு, ஒவ்வோர் ஊரிலும் மண்ணும் சுவரும் தொழுவமும் எப்படி இருக்கின்றன என்றும் எழுதி வையுங்கள். வெப்பமானி காட்டாத செய்தி அதில்தான் இருக்கிறது.