யாருடைய கைப்பேசியில் பாடம்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018இல் மாறியபோது, புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளும் அச்சாயின. கைப்பேசியில் அவற்றை வருடினால் ‘தீக்‌ஷா’ தளத்தின் காணொலி திறக்கும். ஆனால் யாருடைய கைப்பேசி? மீஞ்சூரை ஒட்டிய சேரிகளில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தாலும், அது வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். இரவு வேலை என்றால் இரவிலும் இராது.

தீக்‌ஷா செயலியில் பாடங்களை முன்கூட்டியே தரவிறக்கி, இணையமின்றி வகுப்பிலேயே காட்டலாம். அதையே வீட்டுப்பாடமாக்கினால், வீட்டின் வறுமைக்கு மதிப்பெண் இடுகிறோம் என்றே பொருள்.

இதைவிடப் பயனுள்ளது, அதிகம் பேசப்படாதது, ‘ஸ்டோரிவீவர்’. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இத்தளத்தின் படக்கதைகளைக் கட்டணமின்றித் தரவிறக்கி அச்சிடலாம். உரிமமே அதற்கு இடமளிக்கிறது. தமிழோடு ஒடியாவிலும் கதைகள் உண்டு. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து தலித், பழங்குடிக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகின்றன. அப்பிள்ளை பள்ளிக்கு வந்தாலும், தமிழ் தெரியாத ஒரே காரணத்தால் ‘மந்தம்’ என்று கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறாள். இரு மொழியிலும் உள்ள ஒரு கதையை அச்சிட்டுக் கொடுங்கள். அவள் ஒடியாவில் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவள் தமிழில் வாசிக்கட்டும். ஒடியா எழுத்து அறியாதவளாயினும் படத்தைப் பார்த்துத் தன் மொழியில் கதை சொல்வாள். அன்றைக்கு வகுப்பில் மொழி தெரியாதவர் ஆசிரியர்தான்.

அச்சுச் செலவை ஆசிரியர் தம் கைப்பணத்தில் ஏற்கத் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகவே முன்வைக்கலாம். அக்குழுவில் சேரிப் பெற்றோரும் இருக்கிறார்களா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.