கம்ப்யூட்டர் கடிகாரத்துக்கு எத்தனை எஜமான்?



கம்ப்யூட்டருக்குள்ளே கடிகாரம் ஓடுதுன்னு தெரியுமா? மணி காட்டுற கடிகாரம் இல்லை. 'டிக் டிக்' என்று துடிக்கும் மின்துடிப்பு. அந்தத் துடிப்புக்கு ஏற்றபடிதான் சிப் வேலை செய்யும். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் திரையின் அமைப்பை மாற்றும்போது, ஒரு கடிகாரம் நொடிக்குக் குறைந்தது 50 கோடி முறை துடிக்க வேண்டும்! குறைந்தால் வேலை நடக்காது. தேவைக்கு மேல் கூடினால் சூடு, கரண்ட் வீண்.

நம்ம உப்பளத்தைப் பாருங்க. தண்ணி ஏறக்குறைய 25 டிகிரி வந்தால்தான் உப்பு விளையும். 30ஐ நெருங்கினால் கசப்பு சேரும், வெளியே விட்டுடுவாங்க. கீழ் வரம்பு, மேல் வரம்பு. கடிகாரத்துக்கும் இதேதான்.

இந்த வரம்பைக் காப்பது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உள்கரு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல்தான் ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இருக்கு.

சிக்கல் என்னன்னா, கடிகாரம் ஒன்று, கேட்கிற டிரைவர்கள் பல பேர். (பஸ் டிரைவர் இல்லைங்க! திரை, கேமரா போன்ற சாதனங்களை இயக்கும் புரோகிராம்.) வகுப்பில் ஃபேன் ஒன்றுதான். முதல் பெஞ்ச் "2-க்கு மேல வைக்காதே" என்கிறது. கடைசி பெஞ்ச் "4-க்குக் கீழே குறைக்காதே" என்கிறது. ரெகுலேட்டரை எங்கே வைப்பது? இரண்டுக்கும் பொருந்தும் எண்ணே கிடையாது.

லினக்ஸில் இப்படி மோதும் இரண்டாவது கோரிக்கை தோற்கத்தான் செய்தது. ஆனால் அதற்கென்று நேரடிச் சோதனை எதுவும் இல்லை. வேறொரு பகுதியின் எழுதப்படாத பழக்கத்தால் தற்செயலாகத் தோற்றது. அந்தப் பகுதியை யாராவது மாற்றினால் காவல் போச்சு! 2022-ல் மாக்சிம் ரிப்பார்ட் என்ற புரோகிராமர் இதைத் திருத்தினார். இப்போது எல்லாருடைய வரம்பையும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துவராவிட்டால் 'செல்லாத மதிப்பு' என்று பொருள்படும் -22 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. முதலில் கேட்டவரை நம்ப வைத்துக் கழுத்தறுக்காது.

இன்னொன்று, ஒரு டிரைவர் விலகிப் போனால் அவர் வரம்பும் போகணும், வேகத்தையும் புதிதாகக் கணக்குப் போடணும். கடைசி பெஞ்ச் வீட்டுக்குப் போன பிறகும் ஃபேன் 5-லேயே சுற்றலாமா? இதற்கான திருத்தத்தை 2022-ல் சேர்த்தார்கள். சில போர்டுகளில் கோளாறு வந்ததால் உடனே திரும்ப எடுத்தார்கள். சுற்றியிருந்த மற்ற ஓட்டைகளை அடைத்து, தானாக ஓடும் சோதனைகளும் எழுதிய பிறகே மறுபடி சேர்த்தார்கள். ஓரிரு வரித் திருத்தத்துக்கு இவ்வளவு பாடு!

உங்களுக்கு ஒரு புதிர்: முதல் டிரைவர் 200 முதல் 600 கேட்கிறார். இரண்டாமவர் 400 முதல் 900. பிறகு மூன்றாமவர் வந்து 650 முதல் 800 கேட்கிறார். கெர்னல் என்ன சொல்லும்? யார் விலகினால் அவருக்கு இடம் கிடைக்கும்? விடை அடுத்த வாரம், இதே சுவரில்.