36 நிமிட முன்னிலை, 5 புள்ளி: இந்தியாவின் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக் கணக்கு

2024 ஜூன் 11, தோஹா. 37-ஆவது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்டே அடித்த கோலில் கத்தாருக்கு எதிராக இந்தியா முன்னிலை பெற்றது. 73-ஆவது நிமிடத்தில் கத்தார் சமன் செய்தது. இடைப்பட்ட 36 நிமிடங்களும், இந்தியா ஒருமுறைகூட எட்டாத உலகக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்று நம் கையில் இருந்தது. வென்றால் 8 புள்ளி. அதே பிரிவில் இருந்த குவைத் அன்று தன் ஆட்டத்தில் வென்றாலும் 7 புள்ளிக்கு மேல் போக முடியாது. கடைசியில் கத்தார் 2, இந்தியா 1.

ஆசியாவின் இரண்டாம் சுற்றில் 36 அணிகள், 9 பிரிவுகள். ‘ஏ’ பிரிவில் கத்தார், குவைத், இந்தியா, ஆப்கானிஸ்தான். 2023 நவம்பரில் தொடங்கி 2024 ஜூன் வரை 12 ஆட்டங்கள், 30 கோல்கள். கத்தார் 18 கோல் போட்டு 3 வாங்கி 16 புள்ளி எடுத்தது. குவைத் 6 போட்டு 6 வாங்கி 7 புள்ளி. இந்தியா 3 போட்டு 7 வாங்கி 5 புள்ளி. ஆப்கானிஸ்தானுக்கும் 5 புள்ளிதான், ஆனால் வாங்கிய கோல் 14. முதல் இரண்டு இடங்களுக்கு மட்டுமே அடுத்த சுற்று.

இந்தியா ஆடிய 540 நிமிடங்களில் 3 கோல் என்றால், ஒரு கோலுக்கு 180 நிமிடம், அதாவது இரண்டு முழு ஆட்டம். குவைத்தில் மன்வீர் சிங் ஒன்று, குவாஹாத்தியில் தனது 150-ஆவது ஆட்டத்தில் சுனில் சேத்ரி பெனால்டியில் ஒன்று, தோஹாவில் சாங்டே ஒன்று. ஓடி ஆடி அடித்த கோல்கள் இரண்டே.

வாங்கிய கோல்களைத்தான் நான் அதிகம் புரட்டிப் பார்க்கிறேன். புவனேஸ்வரில் கத்தார் போட்டவை 4, 47, 86-ஆவது நிமிடங்களில். குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தான் போட்டவை 70, 88. தோஹாவில் 73, 85. ஏழில் ஐந்து, 70-ஆவது நிமிடத்திலோ அதற்குப் பிறகோ விழுந்தவை. ஆறு ஆட்டங்களையும் 69-ஆவது நிமிடத்தோடு நிறுத்திப் பாருங்கள். குவைத்தில் மன்வீரின் கோல் 75-இல் வந்ததால் அந்த வெற்றி டிராவாகி 2 புள்ளி குறையும். குவாஹாத்தியில் 1-0, தோஹாவில் 1-0 என இரண்டு வெற்றி சேரும். மொத்தம் 9 புள்ளி. உண்மையில் கிடைத்தது 5. கடைசி 20 நிமிடம் தாக்குப்பிடிக்கும் உடல்பலமும், அந்த நேரத்தில் இறக்கிவிட நல்ல மாற்று வீரர்களும் இல்லாததன் விலை அந்த 4 புள்ளி.

தோஹாவின் 73-ஆவது நிமிடத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃப்ரீ கிக், தலையால் முட்டிய பந்தை குர்பிரீத் சிங் சந்து தடுக்கிறார். பந்து அவரிடமிருந்து நழுவி, கோல் கம்பத்துக்கு அருகே கோட்டைத் தாண்டி முழுதாக வெளியே உருள்கிறது. ஒரு கத்தார் வீரர் அதைக் காலால் உள்ளே இழுக்க, யூசுப் ஐமன் வலைக்குள் தள்ளுகிறார். தென்கொரிய நடுவர் கோல் என்றார். இந்தச் சுற்றில் வீடியோ நடுவர் முறை கிடையாது. அநீதி, சந்தேகமில்லை. ஆனால் மார்ச் 26 குவாஹாத்தி இதைவிடப் பெரிய இழப்பு என்பேன். ஆப்கானிஸ்தான் தரவரிசையில் 158, இந்தியா 117. முக்கிய வீரர்கள் பலர் தங்கள் கூட்டமைப்போடு பிணங்கி விலகிய நிலையில், சொந்த மண்ணில் ஆடவே வழியில்லாத அணி அது. அந்த அணியோடு இரண்டு ஆட்டங்களில் கிடைத்திருக்க வேண்டியது 6 புள்ளி, கிடைத்தது 1.

இனி செலவுப் பக்கம். மூன்றாம் சுற்றுக்குப் போன 18 அணிகளுக்கு 2027 ஆசியக் கோப்பையில் நேரடி இடம். அதோடு 10 ஆட்டங்கள், அதில் 5 சொந்த ஊரில். நம் இடத்தில் போன குவைத் ஒன்றில்கூட வெல்லவில்லை, 5 டிரா, 5 தோல்வி. ஆனாலும் தென்கொரியா, ஈராக், ஜோர்டான் போன்ற அணிகளோடு 900 நிமிடம் ஆடிய அனுபவம் அவர்களுடையது. இந்தியாவோ ஆசியக் கோப்பைக்கே மறுபடி தகுதிச்சுற்று ஆட வேண்டியதாயிற்று. வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் இருந்த பிரிவில் 2025 நவம்பர் வரை 5 ஆட்டம், 2 டிரா, 3 தோல்வி, 2 புள்ளி. ஹாங்காங்கிடம் தோற்றது 90 நிமிடம் முடிந்து, கூடுதல் நேரத்தின் 4-ஆவது நிமிடப் பெனால்டியில். மார்கோவில் சிங்கப்பூர் 2-1 என வென்றதோடு வாய்ப்பு முடிந்தது. அந்தச் சிங்கப்பூர், 1984-இல் போட்டியை நடத்திய நாடாக ஆடியதற்குப் பிறகு, முதன்முறையாகத் தன் ஆட்டத்தால் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 0-1 எனத் தோற்றது. 2023 நவம்பரில் 102-ஆக இருந்த இந்தியாவின் தரவரிசை, 2025 நவம்பரில் 142.

பணமாகவும் பார்ப்போம். தோஹா ஆட்டத்துக்கு ஆறு நாள் கழித்து நீக்கப்பட்ட பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட இழப்பீடு 4 லட்சம் டாலர், ஏறக்குறைய 3.36 கோடி ரூபாய். 2023 ஆசியக் கோப்பையில் ஓர் அணிக்குக் கிடைத்த பங்கேற்புத் தொகை 2 லட்சம் டாலர். ஒரு பயிற்சியாளரை அனுப்பும் செலவில் இரண்டு ஆசியக் கோப்பை வரவு போய்விட்டது. இந்தியக் கால்பந்தின் வணிக உரிமை 2010-இல் 15 ஆண்டுக்கு 700 கோடிக்குக் கொடுக்கப்பட்டது, ஆண்டுக்குச் சராசரி 46.67 கோடி. அது முடியும் தறுவாயில், 2025 நவம்பரில், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) உரிமைக்கான டெண்டருக்கு ஒருவரும் விலை கேட்கவில்லை. தேசிய அணியிடம் காட்டுவதற்கு வெற்றி எதுவும் இல்லாத நேரத்தில் கடை விரித்தால் யார் வருவார்கள்?

உலகக் கோப்பைத் தகுதியின் அந்த இரண்டாம் சுற்றில் இந்தியாவின் மூன்று உள்ளூர் ஆட்டங்களும் புவனேஸ்வர், குவாஹாத்தி, கொல்கத்தாவில் நடந்தன. சென்னைக்கு வடக்கே எங்கள் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் ஹவுரா தடம் தொடும் திசை அது. சிப்காட் ஆலைகளிலும் வள்ளூர் அனல்மின் நிலையத்தைச் சுற்றிய ஒப்பந்த வேலைகளிலும் இருக்கும் ஒடிசா, வங்காள, அசாம் இளைஞர்களின் சொந்த ஊர்ப் பக்கம். கொல்கத்தாவில் நடந்த சேத்ரியின் விடைபெறும் ஆட்டத்துக்கு சால்ட் லேக் மைதானத்தில் 58,921 பேர் கூடினார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து அந்த மைதானம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். 1993-இல் நேரு கோப்பையை நடத்திய சென்னை நேரு ஸ்டேடியம் 50 கிலோமீட்டருக்குள். புறநகர் ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். மூன்றில் ஓர் ஆட்டத்தைச் சென்னைக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். ஷிப்டு முடித்து வருகிற வடக்கத்திப் பையனும் பொன்னேரிப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கத்தியிருப்பார்கள்.

தேசிய அணியின் கோல் வறட்சிக்குக் காரணம் லீக்கில் கிடக்கிறது. 2023-24 ஐஎஸ்எல்லில் அதிக கோல் அடித்த டயமன்டகோஸ், ராய் கிருஷ்ணா இருவரும் வெளிநாட்டவர், ஆளுக்கு 13. களத்தில் நான்கு வெளிநாட்டவர் ஆடலாம் என்பதால் கிளப்புகள் முன்வரிசை நடுவில் அவர்களை நிறுத்துகின்றன, இந்தியப் பையன்கள் ஓரத்துக்குப் போகிறார்கள். சேத்ரி விடைபெறும்போது வயது 39, இந்தியாவுக்காக அவர் அடித்த கோல்கள் 94. அந்த இடத்துக்குப் பழகிய ஆளே இல்லை.

ஆடிப் பழகக் கிடைக்கும் ஆட்டங்களும் குறைந்துவிட்டன. 2023-24 பருவத்தில் ஒரு கிளப்புக்கு லீக் ஆட்டம் 22. அடுத்த பருவத்தில் 24. உரிமைச் சிக்கலில் தாமதமாகி 2026 பிப்ரவரியில் தொடங்கிய பருவத்தில், 14 கிளப்புகள் ஒருவரோடு ஒருவர் ஒரே முறை மோதும் ஏற்பாடு. கிளப்புக்கு 13 ஆட்டம்.