யாருக்குச் சுருதி சேரவில்லை?

சனிக்கிழமை மாலையில் ஏதேனும் ஒரு தேவாலயத்தின் பக்கம் போனால், மறுநாள் ஆராதனைக்கான பாடல்களைப் பாடகர் குழு பழகிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். வயலின் வாசிப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரராக இருப்பார். கீபோர்டில் ஒரு கல்லூரி மாணவி. கிட்டார், புல்லாங்குழல், டிரம்ஸ் ஆகியவை பள்ளிப் பிள்ளைகளின் பொறுப்பு. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசையால் வருகிறார்கள், மனம் கசந்தால் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

கசப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். "பாப்பா, உன் காந்தாரம் ஏறி நிற்கிறது" என்பார் வயலின்காரர். "இல்லை ஐயா, கீபோர்டு கம்பெனியிலேயே சுருதி வைத்து வருகிறது, அது மாறாது. நீங்கள்தான் இறக்கி வாசிக்கிறீர்கள்" என்பாள் அவள். பேச்சு வளர்ந்து, கடைசியில் யாராவது ஒருவரைப் பார்த்து "உனக்குக் காது இல்லை" என்று இன்னொருவர் சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லோடு குழுவைவிட்டு விலகிய பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுள் பலருடைய காதில் குறை ஏதுமில்லை என்பதை இயற்பியலைக் கொண்டே காட்டிவிடலாம்.

முதலில் அந்தக் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம்.

அதிர்வெண்ணில் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகள் ஒன்றாக எழுந்தால், ஓசை ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒலிக்கும். இவற்றை விம்மல்கள் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். நொடிக்கு எத்தனை விம்மல் என்பது இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு கம்பி 220 ஹெர்ட்ஸில் அதிரும்போது அதனுடன் 440, 660, 880, 1100 என்று அதன் மடங்குகளும் மெல்லியதாக ஒலிக்கின்றன. தம்புராவை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானே எழுந்து கேட்கும். இசைவாணர்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். சட்சத்தின் ஐந்தாம் மடங்குதான் அது!

ஆறு கட்டை சுருதியில் சட்சம் 220 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்தரகாந்தாரத்தின் நான்காம் மடங்கு, சட்சத்தின் ஐந்தாம் மடங்கான 1100-உடன் சரியாகப் பொருந்தவேண்டுமானால் காந்தாரம் 275 ஆக இருக்கவேண்டும். அதாவது சட்சத்தைப் போல் 1.25 மடங்கு. வயலின்காரரின் விரல் விம்மல் இல்லாத அந்த இடத்தைத் தேடிப் போய் நிற்கிறது. அவருக்குப் பலகையில் கட்டைகள் இல்லை, காதுதான் வழிகாட்டி.

கீபோர்டிலோ காந்தாரம் 277.2 ஹெர்ட்ஸ். ஏன் இப்படி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். விசைப்பலகையில் சட்சத்திலிருந்து நான்கு விசை தள்ளினால் அந்தரகாந்தாரம். அங்கிருந்து இன்னும் நான்கு, மறுபடியும் நான்கு தள்ளினால் மேல் சட்சம். மேல் சட்சம் கீழ்ச் சட்சத்தைப் போல் இரு மடங்கு. ஆனால் 1.25 × 1.25 × 1.25 எவ்வளவு? 1.953தான். இரண்டு வரவில்லை! மூன்று தூய காந்தார இடைவெளிகளை அடுக்கினால் மேல் சட்சத்தை எட்டாமலே நின்றுவிடுகிறோம். எனவே கருவி செய்பவர்கள் ஒவ்வோர் இடைவெளியையும் சிறிது நீட்டி, 2-இன் கனமூலமான 1.26 ஆக வைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு விசைகளும் சம விகிதத்தில் ஏறுவதால்தான் இன்று ஐந்து கட்டையிலும் நாளை நான்கு கட்டையிலும் அதே பாட்டை வாசிக்க முடிகிறது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை காந்தாரத்தில் விழுகிறது. பஞ்சமத்தில் இழப்பு மிகச் சிறிது. நான்கு நொடிக்கு மூன்று விம்மல்கூட முழுதாக வராது. காந்தாரத்திலோ நொடிக்கு ஏறத்தாழ 9 விம்மல்கள். தபால்காரரின் காது பிடித்தது இதைத்தான்.

ஆக, அந்தப் பெண்ணின் கருவியும் பழுதில்லை, அவர் விரலும் பழுதில்லை. இருவரும் இரண்டு வேறு விதிகளின்படி சரியாகவே வாசிக்கிறார்கள்.

இந்தச் சச்சரவு தேவாலயத்தோடு நிற்பதன்று. தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவரும் கிறிஸ்தவருமான ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) வாழ்நாளில் பல ஆண்டுகளை இத்தகைய சுருதிக் கணக்கில் செலவிட்டார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை; 12 சுரங்களும் 24 சுருதிகளும் சமமாகவே ஏறுகின்றன என்று வாதிட்டார். 1916-இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டிலும் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1917-இல் வெளியான அவருடைய 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலைப் புரட்டினால் பக்கம் பக்கமாகக் கணக்கைக் காணலாம். எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அதன் விசைகளுக்கு இடையிலுள்ள ஒலிகளைத் தொட முடியாது, கமகம் வராது என்பன குற்றச்சாட்டுகள். தடை தளர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. அறிஞர்களே இவ்வளவு காலம் வாதாடிய விஷயத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையைக் 'காது இல்லாதவன்' என்பது சற்று அவசரம்தான்.

நடைமுறையில் ஒரு வழி உண்டு. பாட்டு நீண்டு நிற்கும் இடங்களில் கீபோர்டு சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு, காந்தாரத்தை வயலினுக்கும் குரல்களுக்கும் விட்டுவிடலாம். சண்டை அந்த ஒரு விசையில்தானே இருக்கிறது! சில கீபோர்டுகளில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நுட்பமாக ஏற்றி இறக்கும் வசதியும் உண்டு.

சரி, மாலையில் சேர்த்த சுருதி மறுநாள் காலையில் ஏன் கலைகிறது? இங்கே வெப்பநிலை விளையாடுகிறது. காற்றில் ஒலியின் திசைவேகம் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். 20 டிகிரி செல்சியஸில் 440 ஹெர்ட்ஸ் தரும் குழல், உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியை எட்டினால் ஏறத்தாழ 447 தரும். ஊதுபவரின் மூச்சு குழலை முன்பே சூடாக்கிவிடுவதால் நடைமுறையில் இவ்வளவு மாறாது, ஆனாலும் ஏறும். கிட்டாரின் எஃகுக் கம்பியோ சூட்டில் நீள்கிறது, இழுவிசை குறைகிறது, சுருதி இறங்குகிறது. ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, இரண்டு பிள்ளைகளும் "நான் எதையும் தொடவே இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். உண்மைதான், தொடவில்லை. ஆட்கள் நிறைந்து விளக்குகள் எரியத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து ஒருமுறை சுருதி பார்த்துக்கொண்டால் போதும். குழலைச் சற்று நேரம் கையில் வைத்து ஊதிச் சூடேற்றிவிட்டே சுருதி சேர்க்கவேண்டும்.

அடுத்தது தாளத் தகராறு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் இருவரும் ஒரே குற்றத்தை ஒருவர்மேல் ஒருவர் சுமத்துவார்கள். பாடுபவர்கள் பின்புற மேல்மாடத்தில் நிற்கிறார்கள். டிரம்ஸ் முன்னே, திருப்பீடத்தின் அருகில். இடைவெளி 25 மீட்டர் என்று கொள்வோம். "மேலே இருப்பவர்கள் இழுக்கிறார்கள்" என்கிறான் டிரம்ஸ் பையன். "அவன்தான் இழுக்கிறான்" என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகும்; 25 மீட்டரைக் கடக்க 70 மில்லிநொடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 100 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கு 600 மில்லிநொடி. அதை நான்காகப் பிரித்து எண்ணினால் ஒவ்வோர் எண்ணுக்கும் 150. அதில் ஏறத்தாழ பாதியை வழியிலேயே தொலைத்துவிடுகிறோம்! எனவே ஒவ்வொருவரும் மற்றவரைத் தாமதமாகவே கேட்கிறார்கள். தாமதமாக வருபவருக்காக இவர் சற்று நிதானிக்கிறார். அந்த நிதானமும் தாமதமாகவே அங்கே போய்ச் சேர, அவரும் நிதானிக்கிறார். பாட்டு நாலாம் சரணத்துக்குள் தூங்கி வழியும்.

பள்ளி மைதானத்தில் இதைச் செய்து பார்க்கலாம். இரு நண்பர்கள் அருகருகே நின்று ஒன்றாகக் கை தட்டத் தொடங்கட்டும். பிறகு முதுகு காட்டி நின்றபடி, காதால் மட்டும் கேட்டு, 30 மீட்டர் இடைவெளியில் தட்டட்டும். நடுவில் நிற்பவர் வேகத்தைக் கடிகாரம் கொண்டு எண்ணவேண்டும். பின்னர் இருவரும் திரும்பி நின்று, மூன்றாமவருடைய கையசைப்பைப் பார்த்துத் தட்டட்டும். ஒளி 25 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குகூட ஆவதில்லை. பாடகர் குழுத் தலைவரின் கைக்கு வேலை இருப்பது இதனால்தான்.

சனிக்கிழமை "டிரம்ஸ் காதைப் பிளக்கிறது" என்று சொன்னவரே ஞாயிற்றுக்கிழமை "ஒன்றுமே கேட்கவில்லை" என்பதும் உண்டு. அவர் மனம் மாறவில்லை, கட்டடம் மாறிவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் 1895-இல் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிர்முழக்கத்தை ஆராயத் தொடங்கினார். அங்கே பேசிய சொல் 5 நொடிக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த விதி எளிமையானது: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள ஆலயம் ஒன்று. சுண்ணாம்புச் சுவர், கல் தரை, மர பெஞ்சுகள். காலியாக இருக்கையில் அதன் உறிஞ்சு பரப்பு 120 சதுர மீட்டர் எனக் கொண்டால் எதிர்முழக்கம் ஏறத்தாழ 3.9 நொடி. ஞாயிறன்று 300 பேர் வந்து உட்காருகிறார்கள். ஆளுக்கு அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, மொத்தம் 135 சேர்க்கலாம். இப்போது எதிர்முழக்கம் 1.8 நொடியாகச் சரிகிறது. சனிக்கிழமை காலிக் கூடத்தில் தீர்த்துவைத்த ஓசை அளவு ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாததில் வியப்பில்லை.

ஓசை கூட்டும் போட்டியைப் பற்றி ஓரிரு வார்த்தை. தன் கருவி தனக்குக் கேட்கவில்லையென்று ஒருவர் குமிழைத் திருக, அடுத்தவரும் திருகுவார். ஆற்றலை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 85 டெசிபெல் ஓசையை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கான ஒரு பாதுகாப்பு வரையறை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு மிஞ்சுவது கால் மணி நேரமே. பழகும் நேரமோ இரண்டு மணி!

கிட்டார் பையனை ஏசுவதற்கு முன் அவனுடைய ஒலிபெருக்கிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தரையில், அவன் முழங்காலை நோக்கி இருக்கும். உயர் அதிர்வெண் ஒலிகள் டார்ச் ஒளியைப்போல் நேராகப் பாய்பவை. அவை அவன் காதுக்குப் போகாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் அடிக்கின்றன. அவனுக்குக் கேட்பது மந்தமான மிச்சம்தான். பெட்டியை ஒரு நாற்காலிமேல் ஏற்றி, அவன் காதை நோக்கிச் சாய்த்து வைத்தால், யாரும் சொல்லாமலே குமிழைக் குறைத்துவிடுவான்.