சந்தா ரசீதும் வாக்குரிமையும்: தேசியப் பெண்கள் அமைப்புகளில் முடிவெடுப்பவர் யார்?

வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கலைந்த பிறகு, தேசிய அளவிலான ஒரு பெண்கள் அமைப்பு நடத்தும் கூட்டத்திற்குச் சேரியிலிருந்து ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் ஊரையும் சொல்லி ஒரு பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். அது உறுப்பினர் பதிவேடா, பயனாளிகள் பட்டியலா என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அந்த அமைப்பில் அவருடைய இடம் என்ன என்பதை முடிவு செய்வது அந்த வேறுபாடுதான். உறுப்பினருக்கு வாக்கு உண்டு. பயனாளிக்கு உதவி மட்டுமே உண்டு.

இலாப நோக்கற்ற அமைப்புகள் நம் நாட்டில் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் இயங்குகின்றன: சங்கம், அறக்கட்டளை, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் அமையும் நிறுவனம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஒரு சங்கத்தைத் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். கணக்குகள் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்பட வேண்டும். அறக்கட்டளையில் இந்தக் கட்டாயங்கள் இல்லை. அங்கு உறுப்பினர் என்ற நிலையே கிடையாது. அறங்காவலர் யார், அவருக்குப் பின் யார் என்பதைப் பத்திரம் எழுதியவர் தீர்மானித்திருப்பார். மகாராட்டிரத்தில் உள்ளது போன்ற பொது அறக்கட்டளைச் சட்டமும் தமிழ்நாட்டில் இல்லை. தலித் பெண்களின் பெயரால் பணி செய்யும் ஓர் அறக்கட்டளையின் குழுவில் ஒரு தலித் பெண்கூட இல்லாமலிருந்தாலும் எந்தச் சட்டமும் மீறப்பட்டதாகாது.

உறுப்பினர் அடிப்படையில் நாடு தழுவி இயங்கும் அமைப்புக்கு நம்மருகே உள்ள எடுத்துக்காட்டு, 1981 மார்ச்சில் சென்னையில் தொடங்கப்பட்ட அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம். சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் கிளையில் கூடுகிறார்கள். கிளை மாநாட்டிலிருந்து வட்டாரம், மாவட்டம், மாநிலம், அகில இந்தியா எனப் பிரதிநிதிகள் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஏட்டளவில், வேப்பூர்க் கிளையில் கையுயர்த்தும் பெண்ணின் வாக்கு தில்லிவரை செல்லும் வழி இது. நடைமுறையில், பழைய குழு முன்வைக்கும் பட்டியல் ஏகமனதாக ஏற்கப்படுவதே இடதுசாரி வெகுஜன அமைப்புகளில் பெருவழக்கு. ஆகவே பட்டியலில் யாருடைய பெயர் இடம்பெறுகிறது என்பதே உண்மையான தேர்தலாகிவிடுகிறது.

இந்தக் கேள்வி புதியதன்று. 1927இல் புனேயில் தோன்றிய அகில இந்தியப் பெண்கள் மாநாடு, கிளைகளும் பிரதிநிதிகளும் நிலைக்குழுவும் கொண்ட முறையான அமைப்பு. 1937 டிசம்பரில் அதன் நாக்பூர் அமர்வுக்குச் சென்ற ஜாய்பாய் சௌத்ரி, உணவு வேளையில் தனியே உட்கார வைக்கப்பட்டார். நுழைவதற்கு விதியில் தடையில்லை, பந்தியில் இருந்தது. தலித் பெண்கள் உடனே தனிக் கூட்டம் கூட்டிக் கண்டித்தனர். அதே நாக்பூரில் 1942 ஜூலை 20 அன்று சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் ஏறத்தாழ 25,000 பெண்கள் திரண்டார்கள், அம்பேத்கர் உரையாற்றினார். மணமுறிவு உரிமை, பலதார மண ஒழிப்பு, ஆலைப் பெண் தொழிலாளருக்கு விடுப்பு ஆகியவற்றைக் கோரி அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் தினக்கூலி வாங்கும் பெண்ணுக்கு அந்த விடுப்புத் தீர்மானம் இன்றும் பழையதாகத் தோன்றாது.

சென்னையில் பிறந்த ரூத் மனோரமா முன்னின்று 1995இல் தலித் பெண்கள் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கியது இந்த வரலாற்றின் தொடர்ச்சியே. பெண்கள் இயக்கத்தில் சாதி இந்துப் பெண்களின் தலைமையையும், தலித் இயக்கத்தில் ஆண்களின் தலைமையையும் ஒருசேரக் கேள்விக்குள்ளாக்கிய அமைப்பு அது. 2006இல் உருவான அகில இந்திய தலித் மகளிர் உரிமை மன்றம், தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பரப்புரையின் பெண்கள் பிரிவாக வளர்ந்தது. தனிக் கூட்டமைப்புக்கும் தாய் அமைப்பின் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு பெயரளவினதன்று. வங்கிக் கணக்கில் யாருடைய கையெழுத்து செல்லும், பணியாளரை நியமிப்பவர் யார், கண்டன அறிக்கைக்கு யாரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்பவையெல்லாம் அதைப் பொறுத்தவை.

பணத்தின் வழியும் அதிகாரத்தின் வழியே. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை அறவே தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. நிதி முதலில் வந்து சேரும் கணக்கு புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையிலேயே இருக்க வேண்டும். முன்பு ஒரு தேசிய அமைப்பு, வட்டார அளவிலான சிறு தலித் பெண்கள் சங்கத்துக்கு நிதியைப் பகிர்ந்தளிக்க முடிந்தது. அந்தச் சங்கம் தன் குழுவைக் கூட்டிச் செலவைத் தீர்மானித்தது. இன்று அதே பணி நடக்க வேண்டுமானால், தேசிய அமைப்பே தன் ஊழியரை அனுப்பி நேரடியாகச் செய்ய வேண்டும். முடிவெடுத்து வந்த பெண்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்திடுபவர்களாக மாறியது இப்படித்தான். சட்டத்தின் நோக்கம் கண்காணிப்பு என்று அரசு கூறியது. விளைவோ அதிகாரக் குவிப்பு.

அமைப்பு வடிவம் ஏன் இவ்வளவு முதன்மையானது என்பதை விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை காட்டுகிறது. 2003 ஜூலையில் அங்கு நடந்த சாதி ஆணவப் படுகொலையில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில். 18 ஆண்டுகள். ஒரு நிதித்திட்டம் 3 ஆண்டுகளில் முடிந்துவிடும்; அதனுடன் களப்பணியாளரும் போய்விடுவார். சங்கத்தின் நிர்வாகக் குழுவும் இந்தக் காலத்தில் ஆறு முறை மாறியிருக்கும். ஆயினும் உள்ளூரில் உயிருள்ள கிளை இருந்தால், சாட்சியின் வீட்டுக்குப் போய்வர ஓர் ஆளும், கோப்பைக் கைமாற்றிக் கொடுக்க ஒரு கூட்டமும் மிஞ்சும்.

வேப்பூர்ப் பெண்ணிடம் திரும்புவோம். அவர் கையெழுத்திட்டது உறுப்பினர் பதிவேடு என்றால், சங்கத்தின் துணைவிதிகள், கடந்த பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை செய்த கணக்கு ஆகிய மூன்றையும் அவர் கேட்கலாம். தமிழ்நாட்டில் பதிவான சங்கமாயின், அது தாக்கல் செய்த ஆவணங்களின் நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தியும் பெறலாம். துணைவிதியில் முதலில் படிக்க வேண்டிய பக்கம், நிர்வாகக் குழுவில் யார் போட்டியிடலாம் என்ற விதி. ஆயுள் உறுப்பினர் மட்டுமே போட்டியிடலாம் என்று அதில் எழுதியிருந்தால், ஆயுள் சந்தா எத்தனை நாள் கூலிக்குச் சமம் என்று அவரே கணக்கிட்டுக்கொள்வார்.